மெக்கரில் ரீடிங் குறைவாக வருகிறதா? 11 கே.வி. கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் எங்கே தேடுவது

இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை அளக்கிற மெக்கரில் எண் குறைந்தவுடனே "கேபிள் போச்சு", "டிரான்ஸ்ஃபார்மர் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் கேபிளும் நன்றாகத்தான் இருந்தது, டிரான்ஸ்ஃபார்மரும் நன்றாகத்தான் இருந்தது, அளந்த விதத்தில்தான் கோளாறு.

மெக்கருக்கு இன்சுலேஷன் என்றால் என்னவென்று தெரியாது. 5,000 வோல்ட் டிசி கொடுக்கிறது, எவ்வளவு கரன்ட் திரும்பி வருகிறது என்று பார்க்கிறது, வகுத்துச் சொல்கிறது. 100 மெகா ஓம் என்றால் திரும்பி வந்தது 50 மைக்ரோ ஆம்பியர். அது எக்ஸ்எல்பிஇ-க்குள் (கேபிளின் பிளாஸ்டிக் இன்சுலேஷன்) புகுந்து வந்ததா, ஈரமான டெர்மினேஷன் (கேபிள் முனையை முடித்த இடம்) மேல் ஊர்ந்து வந்ததா, கழற்ற மறந்த பி.டி. (வோல்டேஜ் அளக்க வைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக வந்ததா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே சொல்வது எல்லாமே அந்த 50 மைக்ரோ ஆம்பியர் வந்த வழியைத் தேடுகிற வேலைதான். 11 கே.வி. எக்ஸ்எல்பிஇ கேபிளையும் 11/0.433 கே.வி. எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்துச் சொல்கிறேன், நம்மூர் எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ்களில் அதிகம் கையில் வருவது இவைதான்.

தொடங்குவதற்கு முன்

எல்.சி. (லைன் கிளியர், வேலை செய்ய அனுமதி) வாங்கியாச்சு, ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்ச் திறந்து பூட்டியாச்சு, பிரேக்கரை வெளியே இழுத்தாச்சு, டெஸ்டர் வைத்துப் பார்த்து எர்த் போட்டாச்சு. இது இல்லாமல் மெக்கர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். கேபிளின் மறுமுனையில் ஓர் ஆள் நிற்க வேண்டும். நீங்கள் இங்கே 5 கே.வி. கொடுக்கும்போது அங்கே ஒருவர் பேனலைத் துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அளந்து முடித்த பிறகு டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் ராடைத் தொட்டு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதும் எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்சுலேஷன் உறிஞ்சி வைத்த சார்ஜ் மெதுவாகத்தான் வெளியே வரும், ராடை எடுத்த பிறகு லக்கில் (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் காது) மறுபடி வோல்டேஜ் ஏறும். எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தீர்களோ அதைப்போல நான்கு மடங்கு நேரமாவது எர்த்தில் வைத்திருங்கள். 10 நிமிட டெஸ்ட் என்றால் 40 நிமிடம். அந்த நேரத்தில் அடுத்த வேலைக்கான காகிதத்தை எழுதலாம்.

அப்புறம் மெக்கரையே ஒரு தடவை சோதியுங்கள். லீடுகளைக் காற்றில் தனித்தனியாகப் பிடித்து 5 கே.வி. கொடுத்தால் மேல் எல்லைக்கு ஓட வேண்டும், குறைந்த வோல்டேஜில் வைத்து முனைகளைச் சேர்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காற்றிலேயே 2 கிகா ஓம் காட்டுகிற லீடை வைத்துக்கொண்டு கேபிளைக் குறை சொல்லி என்ன பயன்? லீடுகளை ஒன்றோடொன்று முறுக்காமல், தரையில் கிடக்கவிடாமல் தொங்கவிடுங்கள்.

அறிகுறி: சுத்தமாகப் பூஜ்யம், அல்லது சில கிலோ ஓம்

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் கழற்றவில்லை. பேனல் பக்கம் என்றால் பி.டி.: அதன் பிரைமரி நியூட்ரல் எர்த்தில் இருக்கும், டிசிக்கு அது வெறும் கம்பிதான். அடுத்து எர்த் சுவிட்ச், மூடியே இருக்கலாம். அடுத்து மறுமுனை டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்தே இருந்தால் மூன்று பேஸும் டெல்டா வழியாக ஒன்றாகிவிடும், பேஸுக்குப் பேஸ் எப்படி அளந்தாலும் பூஜ்யம்தான். லைட்னிங் அரெஸ்டரையும் கழற்றுங்கள், பூஜ்யம் காட்டாவிட்டாலும் ரீடிங்கை இழுத்துவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரில் எல்.வி.-க்கும் (433 வோல்ட் பக்கம்) எர்த்துக்கும் பூஜ்யம் என்றால் முதலில் நியூட்ரலைப் பாருங்கள். டிஒய்என்11 (11 கே.வி. பக்கம் டெல்டா, எல்.வி. பக்கம் ஸ்டார்) டிரான்ஸ்ஃபார்மரில் எல்.வி. நியூட்ரல் எர்த் பட்டையோடு போல்ட் போட்டு இருக்கும். சில இடங்களில் இரண்டு பட்டைகள் இருக்கும், ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவோம். எல்.வி. பக்கத்துக்கு 500 அல்லது 1,000 வோல்ட் போதும், 5 கே.வி. அதற்கு இல்லை. பஸ்டக்ட்டும் (பஸ்பார் போகும் பெட்டி) மீட்டர் வயர்களும் கூடவே தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

எல்லாம் கழற்றியும் பூஜ்யமா? அப்போது நிஜமான ஷார்ட் இருக்கிறது. மெக்கரை மடித்து வைத்துவிட்டு சாதாரண மல்டிமீட்டரில் எத்தனை ஓம் என்று பாருங்கள், பழுது இருக்கும் இடத்தைத் தேடப் போகிறவருக்கு அந்த எண் தேவைப்படும்.

அறிகுறி: காலையில் 20 மெகா ஓம், மதியம் நன்றாக இருக்கிறது

ஐப்பசி மழையில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். மூன்று கோர் 240 சதுர மி.மீ. கேபிள், இரவு முழுக்கத் தூறல், காலை ஆறரை மணிக்கு அளந்தார்கள். ஆர் பேஸ் 18 மெகா ஓம், ஒய் 40, பி 25. கேபிளைத் தோண்டி எடுத்து மாற்றிவிடலாம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. மூன்று பேஸும் ஒரே மாதிரி கெட்டுப்போவது அபூர்வம். மூன்றுமே குறைந்தால் மூன்றுக்கும் பொதுவான ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அன்றைக்கு அது டெர்மினேஷன் மேல் படிந்திருந்த சிமென்ட் தூசியும் அதில் ஊறிய ஈரமும்.

விரலால் தடவினால் ஷெட்டுகளின் (டெர்மினேஷன் மேல் குடைபோல விரிந்த வளையங்கள்) அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பசைபோல ஒட்டியது. மேலே மழை கழுவிவிட்டது, அடியில் அப்படியே இருந்தது. நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒவ்வொரு ஷெட்டையும் அடியோடு துடைத்தோம், மறுமுனையையும் துடைத்தோம், வெயில் ஏறும் வரை காத்திருந்தோம். பகல் பன்னிரண்டரைக்கு மூன்று பேஸும் 10 கிகா ஓமுக்கு மேல். கேபிள் அப்படியேதான் இருந்தது.

காத்திருக்க நேரமில்லை என்றால் கார்டு டெர்மினலைப் பயன்படுத்துங்கள். மெக்கரில் மூன்றாவதாக ஒரு துளை இருக்கிறதே, பலர் அதில் கம்பி செருகியதே இல்லை. வெறும் செப்புக் கம்பியை லக்குக்குக் கொஞ்சம் கீழே, லக்கைத் தொடாமல், டெர்மினேஷன் மேற்பரப்பைச் சுற்றி இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி அதைக் கார்டில் கொடுங்கள். மேற்பரப்பில் ஊர்ந்து வரும் கரன்ட் கார்டு வழியாகப் போய்விடும், மீட்டர் அதைக் கணக்கில் எடுக்காது. உள்ளே ஊடுருவி வருகிற கரன்ட் மட்டும் எண்ணாக வரும். கார்டு போடாமல் 18, போட்டால் 9,000 என்று வந்தால் வேலை துணியில்தான். போட்டும் 18 என்றால் கோளாறு உள்ளேதான்.

கேபிளின் மறுமுனையும் ஈரமாக இருக்குமே, அங்கே எப்படிக் கார்டு கட்டுவது? அதே கேபிளின் இன்னொரு நல்ல கோரைக் கார்டுக் கம்பியாகப் பயன்படுத்தலாம். ஒய் கோரை இந்தப் பக்கம் கார்டில் கொடுத்து, அந்தப் பக்கம் ஒய் லக்கிலிருந்து ஒரு கம்பியை ஆர் டெர்மினேஷன் மேல் சுற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை, ஒரு கேபிளைக் காப்பாற்றும். தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று படிந்த டெர்மினேஷன்களை அளக்கும்போது இது இல்லாமல் நான் எண் எழுதுவதில்லை.

அறிகுறி: எண் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒருவர் எடுத்தது இன்னொருவருக்கு வருவதில்லை

இது கோளாறே இல்லை. கேபிள் ஒரு பெரிய கெப்பாசிட்டர். முதல் சில நொடிகள் அதைச் சார்ஜ் செய்யவே கரன்ட் போகும், அப்போது ரீடிங் பரிதாபமாக இருக்கும். நீளமான கேபிளும் சின்ன மெக்கரும் சேர்ந்தால் இந்த நேரம் கூடும். அதற்குப் பிறகு இன்சுலேஷன் உறிஞ்சுகிற கரன்ட் மெல்லக் குறையும், எண் மெல்ல ஏறும். 15 நொடியில் ஒருவர் எழுதியதையும் இரண்டு நிமிடத்தில் இன்னொருவர் எழுதியதையும் ஒப்பிட்டால் சண்டைதான் வரும். 60 நொடியில் எழுதுங்கள், எப்போதும் 60 நொடியிலேயே எழுதுங்கள். முந்தைய டெஸ்ட்டின் சார்ஜ் மிச்சம் இருந்தாலும் எண் தவறும், அதனால்தான் அந்த நான்கு மடங்கு டிஸ்சார்ஜ்.

ஏறாமல் அப்படியும் இப்படியும் குதித்தால் அது வேறு விஷயம்: முதலைக் கிளிப் தளர்வாக இருக்கலாம், அல்லது பக்கத்தில் உயிரோடு இருக்கிற லைனின் இன்டக்‌ஷன். அளக்காத கோர்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீனோடு (கோரைச் சுற்றிய உலோக அடுக்கு) சேர்த்து எர்த் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

நீளத்தையும் மறக்க வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு 10 கிகா ஓம் தருகிற கேபிள் இரண்டு கிலோமீட்டருக்கு 5 தான் தரும். அது கெட்டுப்போனதால் இல்லை, கசிவதற்கு இரண்டு மடங்கு இடம் இருப்பதால்.

அறிகுறி: கேபிளில் ஒரே ஒரு பேஸ் மட்டும் குறைவு

இப்போதுதான் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும், அதிலும் முதலில் முனைகளையும் ஜாயின்ட்டுகளையும். ஓட்டத்தில் இருக்கிற நல்ல எக்ஸ்எல்பிஇ நடுவில் தானாகக் கெடுவது குறைவு, மனிதக் கை பட்ட இடங்களில்தான் கெடுகிறது. யாராவது சமீபத்தில் ஜேசிபி வைத்துத் தோண்டினார்களா என்று காவலாளியிடம் கேட்டுவிடுங்கள், அதுவும் கை பட்ட இடம்தான்.

புதிதாகப் போட்ட ஹீட் ஷ்ரிங்க் டெர்மினேஷனில் சில மெகா ஓம் மட்டும் வருகிறதென்றால் செமிகான் (ஓரளவு கரன்ட் கடத்தும்) அடுக்கைப் பாருங்கள். எக்ஸ்எல்பிஇ மேல் கறுப்பாக இருக்கும் அந்த அடுக்கைக் குறித்த அளவுக்கு உரித்து எடுத்த பிறகு வெள்ளை இன்சுலேஷன் சுத்தமாக இருக்க வேண்டும். உரித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. லக் பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கறுப்பை நோக்கித் துடைக்க வேண்டும், துணி ஒரு தடவை கறுப்பைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கத்தை மடித்துவிட வேண்டும். ஒரு தடவை நான் பிரித்துப் பார்த்த டெர்மினேஷனில், வெள்ளை மேல் பென்சிலால் தீட்டியது போல ஒரு மெல்லிய சாம்பல் கோடு, செமிகான் விளிம்பிலிருந்து லக் வரை போயிருந்தது. முன்னும் பின்னும் துடைத்திருக்கிறார்கள். கரி கலந்த அந்தக் கோடு கரன்ட் ஊர்ந்து போக ஒரு பாதை. வெளியிலிருந்து பார்த்தால் டெர்மினேஷன் அவ்வளவு அழகாக இருந்தது.

கத்தி ஆழமாக இறங்கிய வெட்டு வேறு வகை. அது மெக்கரில் தெரியாது, ஆறு மாதம் கழித்து வெடிப்பில் தெரியும்.

ஓட்டத்தில் இருந்த கேபிளில் ஒரு பேஸ் குறைந்தால் வெளியுறையையும் அளந்து பாருங்கள். இரண்டு முனையிலும் ஸ்கிரீன் எர்த்தையும் ஆர்மர் (உலோகக் கவசம்) எர்த்தையும் கழற்றிவிட்டு, அவற்றுக்கும் தரைக்கும் இடையே 1,000 வோல்ட்டில் அளந்தால் வெளியுறை கிழிந்திருக்கிறதா என்று தெரியும். கிழிந்த உறை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வருடக்கணக்கில் எக்ஸ்எல்பிஇ-க்குள் மரக்கிளை மாதிரிப் படர்கிறது. அதனால்தான் கேபிள் போட்ட அன்றைக்கே வெளியுறை ரீடிங்கை எழுதி வையுங்கள் என்று சொல்கிறேன், யாரும் எழுதுவதில்லை, பின்னால் ஒப்பிட எதுவும் இருப்பதில்லை.

ஈரமா, தூசியா, விரிசலா என்று சந்தேகம் இருந்தால் 1 கே.வி.-யிலும் 5 கே.வி.-யிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள், நடுவில் நன்றாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டு. நல்ல இன்சுலேஷன் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். 5 கே.வி.-யில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் உள்ளே பலவீனம் இருக்கிறது.

அறிகுறி: டிரான்ஸ்ஃபார்மர் ரீடிங் போன வருடத்தில் பாதிதான்

கேட்க வேண்டிய முதல் கேள்வி: எண்ணெய் எத்தனை டிகிரி? நம் தளங்களில் புழங்குகிற அட்டவணையில் 11 கே.வி. வைண்டிங்குக்கு 30 டிகிரியில் 400 மெகா ஓம், 40-ல் 200, 50-ல் 100, 60-ல் 50 என்று இருக்கும். பாருங்கள், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகிறது. போன வருடம் மார்கழியில் ஆறிய டிரான்ஸ்ஃபார்மரில் எடுத்ததையும் இந்த வருடம் சித்திரையில் லோடை நிறுத்திய அரை மணி நேரத்தில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் நோயாளியாகத் தெரியும். எண்ணெய் வெப்பநிலை எழுதாத மெக்கர் ரிப்போர்ட் என் கையில் வந்தால் நான் அதை ஓரமாக வைத்துவிடுவேன்.

வெப்பநிலையைச் சரிசெய்தும் குறைவு என்றால் எங்கே குறைவு என்று பிரித்துப் பாருங்கள். எச்.வி. (11 கே.வி. பக்கம்) புஷிங்குகள், அதாவது டேங்கிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் பீங்கான் முனைகள், மூன்றையும் ஒன்றாகக் கட்டி, எல்.வி. நான்கையும் ஒன்றாகக் கட்டி, மூன்று அளவுகள்: எச்.வி.-எர்த், எல்.வி.-எர்த், எச்.வி.-எல்.வி. எச்.வி.-எர்த் அளக்கும்போது எல்.வி.-யைக் கார்டில் கொடுங்கள், எச்.வி.-எல்.வி. அளக்கும்போது டேங்கைக் கார்டில் கொடுங்கள். எச்.வி.-எர்த் மட்டும் குறைந்தால் புஷிங்கைத் துடைத்துவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே குறைந்தால் எண்ணெயும் அது ஊறிய காகிதமும் ஈரம் பிடித்திருக்கின்றன.

அப்போது கண்ணைப் பிரீதர் (டிரான்ஸ்ஃபார்மர் காற்றை இழுக்கும் குடுவை) பக்கம் திருப்புங்கள். சிலிகா ஜெல் நீலமாக இருந்தால் நல்லது, ரோஜா நிறமாக மாறியிருந்தால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது. அடியில் இருக்கும் சின்ன எண்ணெய்க் கிண்ணம் காலியாக இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அந்த எண்ணெய் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு ராத்திரியும் ஆறும்போது வெளிக்காற்றை நேராக இழுக்கிறது, புது ஜெல்லும் சீக்கிரமே வெளுத்துவிடும். பிறகு எண்ணெய் எடுத்து பி.டி.வி. (எண்ணெய் எத்தனை வோல்டேஜில் உடைகிறது என்ற சோதனை) பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கே.வி.-க்குக் கீழே உடைந்தால் ஃபில்டர் செய்தே ஆக வேண்டும். சாம்பிளை அடி வால்விலிருந்து எடுங்கள், முதலில் வருவதைக் கொட்டிவிட்டு, காய்ந்த பாட்டிலில். மழைத் தூறலில் எடுத்த சாம்பிள் மழையைத்தான் சொல்லும்.

ஃபில்டர் ஓடும்போது ஒரு விஷயம் எல்லோரையும் பதற வைக்கும். ஒரு 630 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் ஆறிய நிலையில் 60 மெகா ஓம். மெஷினை ஓட்டி எண்ணெய் 60 டிகிரிக்கு வந்தபோது ரீடிங் 8 ஆகிவிட்டது. "ஃபில்டர் பண்ணப் பண்ணக் கெட்டுப் போகுதே சார்" என்றார் ஆபரேட்டர். கெடவில்லை. சூடு ஏறியதால் ஒரு பங்கு குறைகிறது, காகிதத்தில் இருந்த ஈரம் எண்ணெய்க்கு வருவதால் இன்னொரு பங்கு குறைகிறது. அதே 60 டிகிரியில் வைத்து மணிக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டே வந்தோம். முதல் நாள் 8-லேயே கிடந்தது, இரண்டாம் நாள் மெல்ல 15, 25 என்று ஏறியது, மூன்றாம் நாள் 70-க்கு வந்து பல மணி நேரம் அசையாமல் நின்றது. நின்ற பிறகுதான் நிறுத்த வேண்டும். 8 வந்தபோதே பயந்து நிறுத்தியிருந்தாலோ, பி.டி.வி. வந்துவிட்டது என்று முதல் நாளே முடித்திருந்தாலோ காகிதத்தின் ஈரம் உள்ளேயே இருந்து இரண்டு மாதத்தில் திரும்பி வந்திருக்கும்.

டேங்கில் வேக்குவம் இருக்கும்போது மட்டும் மெக்கர் போடாதீர்கள். குறைந்த அழுத்தத்தில் காற்று சுலபமாக உடையும், 5 கே.வி. உள்ளே பொறி விட்டு வைண்டிங்கைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: பி.ஐ. மோசம், ரீடிங் நன்றாக இருக்கிறது

பத்து நிமிட ரீடிங்கை ஒரு நிமிட ரீடிங்கால் வகுத்தால் பி.ஐ. (போலரைசேஷன் இண்டெக்ஸ்). இது மோட்டார், ஜெனரேட்டர் வைண்டிங்குகளில் வளர்ந்த பழக்கம், அங்கே 2 கேட்பார்கள். எக்ஸ்எல்பிஇ உறிஞ்சுவது மிகக் குறைவு, அதனால் 50 கிகா ஓம் காட்டுகிற அருமையான கேபிளில்கூட 1-க்குப் பக்கத்தில்தான் வரும். அதை வைத்துக் கேபிளை நிராகரிக்காதீர்கள். எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரிலும் பி.ஐ. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது, 1.1-க்குக் கீழே வந்தால் பி.டி.வி.-யும் ஈரப்பதமும் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மெக்கர் அருமை, சார்ஜ் செய்தால் டிரிப்

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான், ஏனென்றால் நல்ல ரீடிங்கைக் காட்டி மறுபடி மறுபடி சார்ஜ் செய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் பழுது பெரிதாகும், ஆளுக்கும் ஆபத்து.

கேபிளில் என்றால் ஜாயின்ட்டுக்குள் ஓர் இடைவெளி இருக்கலாம், 5 கே.வி.-யில் அது தாங்கும். ஓடும்போது 11 கே.வி. கேபிளில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 6.35 கே.வி., அதன் உச்சம் கிட்டத்தட்ட 9 கே.வி. மெக்கர் அதில் பாதியைச் சற்றே தாண்டி மட்டும்தான் கேட்டது. இதற்கு வி.எல்.எஃப். (மிகக் குறைந்த ஃப்ரீக்வென்சி ஏசி கொடுக்கும்) செட் வேண்டும், 0.1 ஹெர்ட்ஸில். புதிய கேபிள் என்றால் 6.35-ஐப் போல மூன்று மடங்கு, அதாவது 19 கே.வி., 15 நிமிடம். பழைய கேபிளுக்கு அவ்வளவு ஏற்றக் கூடாது, குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். பழைய எக்ஸ்எல்பிஇ-க்கு டிசி ஹைபாட் (உயர் வோல்டேஜ் சோதனை) கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். டிசி உள்ளே சார்ஜை அடைத்து வைத்துவிடுகிறது, டெஸ்ட்டில் பாஸ் ஆன கேபிள் ஏசியில் ஏற்றிய பிறகு வெடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மரில் என்றால் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் இருக்கலாம், மெக்கர் அதைப் பார்க்கவே பார்க்காது, அது எர்த்துக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும்தான் கேட்கிறது. கையில் டி.டி.ஆர். (சுற்று விகிதம் அளக்கும் மீட்டர்) இல்லையென்றாலும் ஒரு வழி உண்டு. எல்.வி.-யைத் திறந்து வைத்துவிட்டு எச்.வி. பக்கம் 415 வோல்ட் மூன்று பேஸ் கொடுங்கள், ஒவ்வொரு லைனிலும் மில்லி ஆம்பியர் பாருங்கள். நார்மல் டேப்பில் எல்.வி. லைனுக்கு லைன் 16.3 வோல்ட், லைனுக்கும் நியூட்ரலுக்கும் 9.4 வோல்ட் வர வேண்டும். ஒரு பேஸில் வோல்ட் குறைந்து, கரன்ட் மற்றவற்றைப் போலப் பல மடங்கு ஏறினால் அந்தக் காலில்தான் பழுது. எல்லாம் சரியாக இருந்து, ஏ.பி. சுவிட்ச் போட்ட அந்த நொடியில் மட்டும் எச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸ் போகிறதென்றால் இன்ரஷ் கரன்ட்டுக்கு (சார்ஜ் செய்த நொடியில் பாயும் பெரிய கரன்ட்) ஃபியூஸ் சிறியதாக இருக்கிறதா என்று கம்பி அளவைப் பாருங்கள்.

இதில் எந்த அறிகுறியாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் எண்ணோடு சேர்த்து இவற்றையும் எழுதுங்கள்: எண்ணெய் அல்லது கேபிள் வெப்பநிலை, நேரம், வானிலை, எத்தனை வோல்ட், எத்தனை நொடி, கார்டு எங்கே, எவையெல்லாம் கழற்றப்பட்டன. அப்புறம் கழற்றிய நியூட்ரல் பட்டையைத் திரும்ப மாட்டி, போல்ட்டை இறுக்கி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் எல்.சி.-யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நியூட்ரல் எர்த் இல்லாமல் சார்ஜ் ஆன ஒரு ஆலையை நான் பார்த்திருக்கிறேன், எல்.வி. பக்கம் ஒரு பேஸ் எர்த் ஆனதும் மற்ற இரண்டு பேஸிலும் இருந்த கன்ட்ரோல் சர்க்யூட் போர்டுகள் வரிசையாகப் புகைந்தன.